காசு கொடுத்து வாங்கிய பாட்டு காரில் பாடாதா?

பாட்டுப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன் 2004-லிருந்து 2008 வரை ஆப்பிள் கம்பெனியின் ஐடியூன்ஸ் இணையக் கடையில் ஒரு பாட்டு 99 சென்ட் என்று 200-க்கும் மேல் வாங்கியிருக்கிறான். இந்தப் பொங்கலுக்கு வந்தவன் அந்தப் பழைய லேப்டாப்பை என்னிடமே விட்டுவிட்டுப் போனான். லேப்டாப்பில் எல்லாப் பாட்டும் பாடுகிறது. பென்டிரைவில் ஏற்றி காரில் செருகினால் சில பாட்டு வருகிறது, பல பாட்டு வரவில்லை. ஃபைல் பெயரை எம்பி3 என்று மாற்றிப் பார்த்தேன், பிரயோஜனமில்லை. திருட்டுப் பாட்டா இது? காசு கொடுத்து வாங்கியதுதானே?
– ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், கோவில்பட்டி

பதில்: சார், பெயரை மாற்றிப் பார்த்ததை ஏதோ குற்றம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். என் பாட்டுக் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். ஃபைலின் வாலில் இருக்கும் மூன்றெழுத்து வெறும் வாசல் பலகை. பலகையை மாற்றியதால் உள்ளே குடியிருப்பவர் மாறிவிட மாட்டார்.

பாடாத பாட்டெல்லாம் 'எம்4பி' என்று முடிந்திருக்கும், பாருங்கள். பாடுகிறவை 'எம்4ஏ' அல்லது எம்பி3. அந்த 'பி'தான் பூட்டு. பூட்டின் பெயர் ஃபேர்பிளே. 2003 ஏப்ரல் 28-ம் தேதி ஐடியூன்ஸ் கடை திறந்த அன்றே அதையும் போட்டுத்தான் திறந்தார்கள். பாட்டை மறையெழுத்தாக மாற்றி, சாவியை வாங்கியவரின் கணக்கோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். உங்கள் மகன் அனுமதி கொடுத்த 5 கம்ப்யூட்டர்களில் பாடும், எத்தனை ஐபாட் (ஆப்பிளின் பாட்டுப் பிளேயர்) இருந்தாலும் பாடும். வேறு கம்பெனி பிளேயரில் பாடாது. உங்கள் கார் ஸ்டீரியோவிடம் சாவி இல்லை. அதனால் அது அந்த ஃபைலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது.

முதலில் பூட்டியது எது, பூட்டாதது எது என்று பிரித்துவிடுங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டாம். ஐடியூன்ஸில் பாட்டுப் பட்டியலின் தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்தால் எந்தெந்தக் கட்டம் வேண்டும் என்று கேட்கும். 'கைண்ட்' என்பதை டிக் செய்யுங்கள். அந்தத் தலைப்பின் மேல் ஒரு தட்டு தட்டினால் இனம் இனமாக அடுக்கிக் கொடுத்துவிடும். 'புரொடெக்டட் ஏஏசி' என்று இருப்பது பூட்டியது. 'பர்ச்சேஸ்டு ஏஏசி' என்று இருப்பதும் விலைக்கு வாங்கியதுதான், ஆனால் பூட்டில்லாதது. பூட்டில்லாததை எம்பி3 ஆக்க ஐடியூன்ஸிலேயே வழி உண்டு. செட்டிங்ஸில் இம்போர்ட் என்ற இடத்தில் எம்பி3 என்று தேர்ந்துவிட்டு, 'ஃபைல்' மெனுவில் 'கன்வெர்ட்' கொடுத்தால் பக்கத்திலேயே ஒரு எம்பி3 பிரதி வந்து உட்காரும். பூட்டியதற்கு இதே கட்டளையைக் கொடுத்தால் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும்.

சொல்ல மறந்துவிடுவேன், இப்போதே சொல்கிறேன். பூட்டில்லாத 'பர்ச்சேஸ்டு' ஃபைலுக்குள்ளும் வாங்கியவரின் பெயரும் ஈமெயில் முகவரியும் எழுதியிருக்கும். எனவே தெருவில் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்காதீர்கள். உங்கள் மகன் பெயர் ஊரைச் சுற்றி வரும்.

இனி பூட்டிய பாட்டுக்கு வருவோம். இரண்டு நேர்வழி இருக்கிறது.

ஒன்று, சிடி வழி. கடைக்காரரே விட்டுவைத்த சந்து இது. பூட்டிய பாட்டையும் ஆடியோ சிடியாக எழுதிக்கொள்ள ஐடியூன்ஸ் அனுமதிக்கும். ஒரே பிளேலிஸ்டை 7 தடவைதான் எழுதலாம் என்று ஒரு கணக்கு உண்டு, உங்களுக்கு ஒரு தடவை போதும். எழுதும்போது 'ஆடியோ சிடி' என்றுதான் கொடுக்க வேண்டும். 'எம்பி3 சிடி' என்று கொடுத்தால் பூட்டிய பாட்டை எடுத்துக்கொள்ளாது. ஆடியோ சிடியில் பூட்டு போட இடமே கிடையாது. 1980-களில் வகுத்த முறை அது, அப்போது பூட்டைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. சிடியில் ஏறிய பாட்டைத் திரும்ப எம்பி3 ஆகக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டால் முடிந்தது வேலை.

இதை நான் முதலில் செய்தது 2009-ல். என் மைத்துனர் மகன் நியூஜெர்சியிலிருந்து 212 பாட்டோடு வந்தான், அவன் அப்பாவின் அம்பாசிடரில் போட வேண்டுமாம். ஒரு பாட்டு சராசரி 5 நிமிடம், ஒரு சிடியில் 80 நிமிடம். ஆக சிடிக்கு 16 பாட்டு, 14 சிடி வேண்டும். நீங்கள் கணக்கு வாத்தியார், சரிபார்த்துக்கொள்ளுங்கள். 14 சிடியை எழுதிவிட்டுக் குப்பையில் போட மனசு வரவில்லை. அழித்து அழித்து எழுதும் ரீரைட்டபிள் சிடி ஒன்று வாங்கினேன். எழுத எட்டு நிமிடம், இறக்க ஏழு நிமிடம், அழிக்க ஒன்றிரண்டு நிமிடம். ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணி நேர வேலைதான். ஆனால் மூன்று நாள் சாயங்காலம் போயிற்று. ஒன்பதாவது சுற்றில் சிடி பாதி எழுதும்போது கரண்ட் போய்விட்டது. அந்தக் காலத்து பவர் கட் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். யுபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது, நாளைக்கு மாற்றலாம் என்று விட்டுவைத்தவன் நான்தான். திரும்ப கரண்ட் வந்ததும் அந்த சிடியை டிரைவ் அடையாளமே காணவில்லை. முழுசாக அழித்து, முதலிலிருந்து எழுதினேன்.

அதில் நான் பட்ட இன்னொரு அடியையும் சொல்லிவிடுகிறேன். சிடியை எழுதிய கம்ப்யூட்டரில் இறக்காமல், வேகமாக இருக்கிறதே என்று பக்கத்துக் கம்ப்யூட்டரில் இறக்கினேன். பாட்டுப் பெயர் ஒன்றுகூட வரவில்லை. 'டிராக் 01', 'டிராக் 02' என்று 16 வரி. 14 சுற்றும் அப்படியே வந்திருந்தால் பெயர் தெரியாத 212 பாட்டு கையில் இருந்திருக்கும். நல்லவேளை முதல் சுற்றிலேயே பார்த்துவிட்டேன். எழுதும்போது 'சிடி டெக்ஸ்ட்' என்று ஒரு டிக் இருக்கும், அதைப் போடுங்கள். எழுதிய அதே கம்ப்யூட்டரிலேயே இறக்குங்கள். இறக்கும்போது 192 கேபிபிஎஸ் (ஒரு நொடிப் பாட்டுக்கு எவ்வளவு தரவு என்ற கணக்கு) வைத்தால் காருக்குத் தாராளம்.

தரம் குறையுமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். குறையும். அந்தப் பாட்டு 128 கேபிபிஎஸ்ஸில் ஏற்கெனவே பிழிந்து வந்தது. சிடியில் எழுதும்போது நிமிடத்துக்கு 1 எம்பி இருந்தது 10 எம்பிக்கு ஊதிப் பெருக்கும், ஆனால் போனது திரும்ப வராது. அதை மறுபடி எம்பி3 ஆகப் பிழிந்தால் இன்னும் கொஞ்சம் போகும். கேசட்டிலிருந்து கேசட் போட்டுக் கேட்டவர்களுக்கு இது புரியும். ஹெட்ஃபோனில் உற்றுக் கேட்டால் சிம்பல் தட்டின் ஓசையில் ஒரு கரகரப்பு தெரியும். கோவில்பட்டி பைபாஸில் லாரி ஹாரனுக்கு நடுவில் தெரியாது.

இரண்டாவது, காசு வழி. உங்கள் மகன் தன் அமெரிக்கக் கணக்கில் ஐடியூன்ஸ் மேட்ச் என்ற சந்தாவை ஒரு வருடத்துக்குக் கட்டினால் போதும், 24.99 டாலர். அவருடைய பாட்டுகளைக் கடையில் இருக்கும் பாட்டோடு ஒப்பிட்டு, பொருந்தியதை எல்லாம் 256 கேபிபிஎஸ்ஸில், பூட்டில்லாமல் இறக்கிக்கொள்ள விடும். சந்தா முடிந்த பிறகும் இறக்கியது உங்களிடமே இருக்கும். தரத்தில் சிடி வழியைவிட இது மேல். ஒரே எச்சரிக்கை: பழைய ஃபைலை அழித்துவிட்டுத்தான் புதியதை இறக்க வேண்டும். அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து வையுங்கள்.

எந்த வழியில் போனாலும் வேலை முடிகிறவரை அந்த லேப்டாப்பை யாரிடமும் 'ஸ்லோவாக இருக்கிறது, ஃபார்மட் போட்டுக் கொடுங்கள்' என்று கொடுத்துவிடாதீர்கள். நானே ஒருவருடையதை அப்படிப் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு மறுபடி அனுமதி கொடுக்கப் பாட்டுக் கணக்கின் பாஸ்வேர்டு தெரியாமல், அந்தக் கணக்குக்காரருக்கு நடுராத்திரி டெக்சாஸுக்கு போன் போட்டிருக்கிறேன். அவருக்கே ஞாபகமில்லை.

கேள்வி: மேலே உள்ள மாதிரி கேள்விகளை இந்தப் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிறேன். விற்கிற பாட்டை ஏன்தான் பூட்டினார்கள்? இப்போது ஏன் பூட்டுவதில்லை?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: தம்பி, 1999-ல் நாப்ஸ்டர் வந்தது. ஒருவர் கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை உலகமே இலவசமாக எடுத்துக்கொண்டது. இசைக் கம்பெனிகளுக்குக் குலை நடுங்கிப் போயிற்று. இணையத்தில் பாட்டு விற்க ஆப்பிள் போய்க் கேட்டபோது, பூட்டு இருந்தால்தான் சரக்கு தருவோம் என்றார்கள். இது அப்போதைய ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸே 2007 பிப்ரவரியில் பகிரங்கமாக எழுதிய கடிதத்தில் சொன்னது. அந்தப் பூட்டால் ஐபாட் வியாபாரம் நன்றாக நடந்தது என்பதை அவர் அவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. எம்4பியாக 200 பாட்டு வாங்கியவன் அடுத்த பிளேயரும் ஐபாடாகத்தானே வாங்குவான்.

ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்குப் பிடித்த கணக்கு. 2006 முடிய 9 கோடி ஐபாடும் 200 கோடி பாட்டும் விற்றிருந்தன. ஐபாடுக்கு 22 பாட்டு. அப்போது அதிகம் பேர் வைத்திருந்த ஐபாடில் 1,000 பாட்டு கொள்ளும், அது கிட்டத்தட்ட நிறைந்தும் இருக்கும். அப்படியானால் பூட்டிய பாட்டு நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. மீதி எங்கிருந்து வந்தது? சிடியிலிருந்து. இதே கம்பெனிகள் 2006-ல் 2,000 கோடிக்கு மேற்பட்ட பாட்டைப் பூட்டே இல்லாத சிடியில் விற்றிருந்தார்கள். வீட்டுக்கு வாசல் கதவே கிடையாது, கொல்லைப்புற ஜன்னலுக்கு மட்டும் பித்தளைப் பூட்டு.

அந்தக் கடிதம் வந்து இரண்டு மாதம் கழித்து இஎம்ஐ இசைக் கம்பெனி முதலில் இறங்கி வந்தது. பூட்டில்லாத பாட்டு, ஆனால் 99 சென்ட்டுக்குப் பதில் 1.29 டாலர். 2009 ஜனவரி 6-ல் மற்ற பெரிய கம்பெனிகளும் ஒத்துக்கொண்டதாக அறிவித்தார்கள். ஏற்கெனவே பூட்டோடு வாங்கியவர்கள் பாட்டுக்கு 30 சென்ட் கட்டிப் பூட்டைக் கழற்றிக்கொள்ளலாம் என்றார்கள். 212 பாட்டுக்கு 63 டாலர் 60 சென்ட். என் மைத்துனர் மகன் கட்டவில்லை, அதனால்தான் நான் மூன்று நாள் உட்கார்ந்தேன்.

இந்தியாவில் ஐடியூன்ஸ் கடை திறந்தது 2012 டிசம்பரில். அதனால் இங்கே அந்தக் கடையில் பாட்டு வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. தாமதமாகப் பந்திக்கு வந்ததிலும் ஒரு லாபம்.

கேள்வி: நான் ஷார்ஜாவில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் சொந்த சிடிகளை 2005-ல் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் மீடியா பிளேயர் வழியாக ஏற்றி வைத்தோம். எல்லாம் டபிள்யூஎம்ஏ, அதாவது மைக்ரோசாஃப்டின் பாட்டு ஃபைல் வகை. பிறகு அந்த ஃபைல்களை ஹார்டு டிஸ்கில் எடுத்து வந்துவிட்டேன். இப்போது திறந்தால் லைசென்ஸ் இல்லை என்கிறது. கடையில் வாங்கிய சிடி, நாங்களே ஏற்றியது, யாரிடம் லைசென்ஸ் கேட்பது?
– வாசகி, சொந்த ஊர் வள்ளியூர்

பதில்: அம்மா, இது கடைக்காரன் போட்ட பூட்டு இல்லை. உங்களை அறியாமல் நீங்களே போட்டுக்கொண்ட பூட்டு. அந்தக் காலத்து மீடியா பிளேயரில் சிடி இறக்கும் இடத்தில் 'காப்பி புரொடெக்ட் மியூசிக்' என்று ஒரு டிக் கட்டம் இருந்தது. பாதுகாப்பாக இருக்கட்டுமே என்று நல்ல எண்ணத்தில் டிக் போட்டவர்கள் ஏராளம். அந்த டிக் இருந்தால் நம் சிடியிலிருந்து ஏறும் பாட்டும் அந்த ஒரு கம்ப்யூட்டரோடு கட்டப்பட்டுவிடும்.

உறுதி செய்துகொள்ள, ஃபைலின் மேல் வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'டீட்டெயில்ஸ்' பாருங்கள். 'புரொடெக்டட்' என்பதற்கு நேராக 'யெஸ்' (ஆம்) என்று இருந்தால் நான் சொன்னதுதான்.

அந்த சிடிகள் வள்ளியூர் வீட்டில் ஏதாவது டிரங்குப் பெட்டியில் இருக்கின்றனவா? இருந்தால் பிரச்சினையே இல்லை, டிக்கை எடுத்துவிட்டு மறுபடி எம்பி3 ஆக இறக்குங்கள். சிடி இல்லை, ஆனால் பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது என்றால் அதில் ஓட்டிப் பாருங்கள். அங்கே பாடினால் மேலே கணக்கு சாருக்குச் சொன்ன சிடி வழிதான். இரண்டும் இல்லையென்றால் அந்த ஃபைல்களை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றுமில்லை. உங்களுக்கு அது கஷ்டமான செய்தி என்று தெரியும்.

டபிள்யூஎம்ஏ பூட்டோடு கடையில் வாங்கியவர்கள் கதை இதைவிடக் கேவலம். மைக்ரோசாஃப்ட் 2004-ல் 'பிளேஸ் ஃபார் ஷ்யூர்' என்று ஒரு முத்திரை கொண்டுவந்தது. நிச்சயம் பாடும் என்று அர்த்தம். அந்த முத்திரை இருக்கும் கடையில் வாங்கினால் முத்திரை இருக்கும் எந்தப் பிளேயரிலும் பாடும் என்றார்கள். 2006 நவம்பரில் அதே மைக்ரோசாஃப்ட் ஸூன் என்று சொந்தப் பிளேயர் விட்டது. நிச்சயம் பாடும் பாட்டு ஸூனில் பாடவில்லை! தன்னுடைய எம்எஸ்என் மியூசிக் கடையிலும் அதோடு விற்பனையை நிறுத்தியது. 2008 ஏப்ரலில், ஆகஸ்ட் 31-க்குப் பிறகு புதுக் கம்ப்யூட்டருக்குச் சாவி தர மாட்டோம் என்று வாங்கியவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. பெரிய கூச்சல் எழுந்த பிறகு 2011 முடிய நீட்டித்தார்கள். அதே 2008-ல் யாஹூவும் தன் பாட்டுக் கடையை மூடியது. அது கொஞ்சம் மரியாதையாக நஷ்டஈடு கொடுத்தது.

கேள்வி: பூட்டை நீக்கித் தரும் சாஃப்ட்வேர் 40 டாலருக்கு விற்கிறார்கள். நான் காசு கொடுத்து வாங்கிய பாட்டுக்கு அதைப் பயன்படுத்தினால் சட்டப்படி தப்பா? போலீஸ் வருமா?
– ஜவுளிக்கடை உரிமையாளர், ஈரோடு

பதில்: நான் வக்கீல் இல்லை, பாட்டுக் கடைக்காரன். தெரிந்ததைச் சொல்கிறேன். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் ஒரு திருத்தம் வந்தது, 65ஏ பிரிவு. உரிமையைக் காக்கப் போட்ட பூட்டை, அந்த உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. 'நோக்கத்தோடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை 52-வது பிரிவு தனியே விட்டுவைத்திருக்கிறது. அமெரிக்காவின் 1998 சட்டம் இப்படிப் பார்ப்பதில்லை, அங்கே பூட்டை உடைப்பதே தப்பு. இங்கிலாந்தில் இன்னும் வேடிக்கை. வாங்கிய சிடியைச் சொந்தத்துக்கு நகல் எடுப்பது 2014 அக்டோபரில்தான் சட்டப்படி சரி என்றானது. 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்துவிட்டது. ஒன்பது மாதம் சட்டப்படி, பிறகு மறுபடி தப்பு.

சட்டத்தை விடுங்கள், வியாபாரியாக ஒன்று சொல்கிறேன். அந்த 40 டாலர் சாஃப்ட்வேர்களில் சிலதை வாடிக்கையாளர்கள் கம்ப்யூட்டரில் பார்த்திருக்கிறேன். பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டு மறுபதிவு செய்வதையே 'பூட்டு நீக்கம்' என்று விற்கிறவை உண்டு. பாட்டோடு சேர்ந்து விளம்பரப் பேயையும் கொண்டுவந்து விட்டவை உண்டு. சிடி வழி இருக்கும்போது அந்தப் பக்கம் போகவேண்டிய அவசியமே இல்லை. அதைக் கடைக்காரரே அனுமதித்திருக்கிறார், எந்தப் பூட்டையும் நீங்கள் தொடவில்லை.

நியாயம் பேச எனக்குத் தகுதி உண்டா என்றும் யோசிக்கிறேன். 1984-லிருந்து தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கேசட் பதிந்து கொடுத்துப் பிழைத்தவன் நான். நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஏழு எட்டுப் பாட்டு, 90 என்றால் பதினொன்று. எல்லாம் எல்பி ரெக்கார்டிலிருந்து காப்பிதான். யாருக்கும் ஒரு பைசா ராயல்டி கொடுத்ததில்லை. தப்பு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த கேசட்டிலும் ஒரு பூட்டு இருந்தது. முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல். பதிந்து முடித்ததும் ஸ்க்ரூ டிரைவரால் அதை உடைத்துவிடுவேன், அதன் மேல் யாரும் தெரியாமல் பதிந்து அழித்துவிடக் கூடாது என்பதற்காக. மறுபடி பதிய வேண்டும் என்றால் அந்த ஓட்டையின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் போதும். சாவி ஒரு செலோடேப், அதுவும் கேசட் யாருடையதோ அவர் கையில்.

கேள்வி: மாதச் சந்தா கட்டிப் பாட்டு ஆப் வைத்திருக்கிறேன். டவுன்லோடு செய்த பாட்டுகளைப் பென்டிரைவில் எடுப்பது எப்படி?
– பெங்களூரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. நீங்கள் கட்டுவது வாடகை. ஸ்பாட்டிஃபையை எடுத்துக்கொள்ளுங்கள், 5 கருவிகளில் ஒவ்வொன்றிலும் 10,000 பாட்டு வரை இறக்கி வைக்கலாம், ஆனால் 30 நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும். இல்லையென்றால் இறக்கியது பாடாது. வாடகை வீட்டு ஃபேனைக் கழற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறீர்கள். காரில் ப்ளூடூத் இருந்தால் போனிலிருந்தே பாடவிடுங்கள், ஆக்ஸ் வயர் இருந்தால் அதில். ரொம்பப் பிடித்த ஐம்பது பாட்டை மட்டும் பூட்டில்லாமல் விற்கும் கடையில் விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பழைய சிடி தேடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். சந்தாவும் கட்டுகிறேன்.

கேள்வி: அக்கா 2005 வாக்கில் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த ஒரு சிடி, சிடி பிளேயரில் பாடுகிறது. பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் போட்டால் எதையோ இன்ஸ்டால் செய்யவா என்று கேட்கிறது. கொடுக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கொடுக்காதீர்கள்! கம்பெனி பெயரை நீங்கள் எழுதவில்லை, எதுவாக இருந்தாலும் பதில் அதேதான். 2005 அக்டோபர் 31-ல் மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர், சோனி பிஎம்ஜியின் ஒரு பாட்டு சிடி நகல் எடுப்பதைத் தடுக்கத் தன் கம்ப்யூட்டருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் நிரலைப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்து எழுதினார். வைரஸ் எழுதுகிறவர்கள் உடனே அதன் நிழலில் தங்கள் சரக்கை ஒளித்துவைக்க ஆரம்பித்தார்கள். அடுத்த சில வாரங்களில் அந்த சிடிகளைக் கம்பெனி திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

கேட்கும் எல்லாவற்றுக்கும் 'நோ' கொடுத்து, சிடியை வெளியே எடுங்கள். அடுத்த தடவை ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே சிடியை உள்ளே தள்ளுங்கள். தானாக ஓடும் நிரல் ஓடாது, பாட்டு மட்டும் தெரியும். சிரிக்காதீர்கள், இது பெரிய கண்டுபிடிப்பு. 2003-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன், சன்காம் என்ற கம்பெனியின் சிடி பூட்டு ஷிஃப்ட் பட்டனுக்கு மேல் தாங்காது என்று கட்டுரையே எழுதினார். கம்பெனி வழக்குப் போடுவேன் என்றது, உடனே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. ஷிஃப்ட் பட்டனை அழுத்தினான் என்று எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது? அதற்கு முந்தைய வருடம் வேறொரு பூட்டு, சிடியின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்ததும் விழுந்தது. அதை மட்டும் நீங்கள் செய்து பார்க்க வேண்டாம், கோடு கொஞ்சம் தவறினால் பாட்டும் போய்விடும்.

கேள்வி: 128 கேபிபிஎஸ் பாட்டை 320 ஆக மாற்றினால் ஒலி நன்றாக இருக்குமா?
– வாசகர், சேலம்

பதில்: இருக்காது. ஃபைல்தான் பருக்கும். காபியில் தண்ணீர் ஊற்றினால் டம்ளர் நிறையும், அவ்வளவுதான்.

கேள்வி: பூட்டில்லாத எம்பி3தான், 64 ஜிபி பென்டிரைவில் போட்டேன். வீட்டு டிவியில் பாடுகிறது, ஆட்டோவில் இருக்கும் செட்டில் 'நோ ஃபைல்' என்கிறது.
– ஆட்டோ ஓட்டுநர், மதுரை

பதில்: அண்ணே, பாட்டில் கோளாறு இல்லை. டிரைவில் ஃபைலை அடுக்கி வைக்க வெவ்வேறு முறை உண்டு. 64 ஜிபி டிரைவ் வழக்கமாக எக்ஸ்ஃபேட் முறையில் வரும், சின்ன செட்டுகள் பலவற்றுக்கு ஃபேட்32 தவிர வேறு தெரியாது. ஒரு 16 அல்லது 32 ஜிபி பென்டிரைவ் வாங்கி, ஃபார்மட் செய்யும்போது ஃபேட்32 என்று தேர்ந்து, பாட்டை ஏற்றுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாக அடுக்காதீர்கள், சில செட்டு உள்ளே இறங்கித் தேடாது. 32 ஜிபியில் ஆறாயிரம் பாட்டுக்கு மேல் பிடிக்கும், திருமங்கலம் சவாரிக்கு அது போதும்.